பன்னிரண்டு காலடி

அந்தச் செருப்புச் சோடியின் நிறை அறுநூற்றிருபது கிராம். பயணப் பெட்டி நிறுக்கும் கைத்தராசில் தொங்கவிட்டு இரண்டு தடவை பார்த்தேன். செம்மறியாட்டுத் தோலில் செய்து, உள்ளே ரோமத்தை அப்படியே விட்டது. வீட்டுக்குள் போடுவது. அளவு ஐந்து. நானும் மனைவியும் ஐரோப்பாச் சுற்றுலாவுக்குப் புறப்பட ஆறு நாள் இருக்கும்போது அது எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் ஆட்களில் யாராவது விமானம் ஏறப்போகிறார்கள் என்று தெரிந்தால் இப்படி ஏதாவது வரும். மிளகாய்த்தூள் வரும், சேலை வரும், மருந்து வரும். ஆஸ்திரேலியாவுக்கு வந்த முப்பத்து நான்கு வருடத்தில் நான் பிறருக்காகச் சுமந்த பொதிகள் பத்தொன்பது. பதினெட்டை என் கையாலேயே உரியவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

செருப்பைக் கொண்டு வந்தவருக்கு நாற்பத்தொரு வயது. பதின்மூன்று வருடத்துக்கு முன் அகதியாகப் படகில் வந்தவர். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறார். இன்னமும் பிரிட்ஜிங் விசாவில்தான் இருக்கிறார். வேலை செய்யலாம், வரி கட்டலாம், நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். அதன் பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஐந்து நாற்பதுக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் வாசலில் தன் வானை நிறுத்தி, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப் போகிறவர் அவர்தான். நாங்கள் கேட்கவில்லை. ஒருநாள் மழையில் பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் நிற்பதைக் கண்டார். அன்று தொடங்கியது.

நான் சிட்னியில் இருபத்திரண்டு வருடம் ரயில் நேர அட்டவணை தயாரிக்கும் வேலை பார்த்தவன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. அது அவருக்கு வேடிக்கை.

“அங்கிள், இஞ்சயிருந்து கோயிலுக்கு எத்தனை சிக்னல்?”

“இருபத்தொண்டு.”

“போன கிழமையும் இருபத்தொண்டு எண்டுதானே சொன்னனீங்கள். ஒண்டும் குட்டி போடேல்லையோ?”

“அவரைக் கிண்டாதையும் தம்பி,” என்பாள் பின் இருக்கையிலிருந்து என் மனைவி. பெயின்ற் ஒட்டாமல் இருக்கையில் ஒரு துவாயை விரித்துத்தான் அவள் உட்காருவாள். “எங்கட தாலிகட்டில எத்தனை குத்துவிளக்கு எரிஞ்சது எண்டு கேளும், இண்டைக்கும் சொல்லுவார். நான் என்ன நிறச் சேலை உடுத்தனான் எண்டு தெரியாது.”

“பதினொண்டு,” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. இருவரும் கோயில் வரும் வரை சிரித்தார்கள்.

அன்றைக்குச் செருப்பை மேசையில் வைத்துவிட்டு, அவர் கதிரையின் நுனியில் இருந்தார். அவருடைய அம்மா பாரிஸ் நகருக்கு வடக்கே மூத்த மகளோடு இருக்கிறார். வயது எழுபத்தெட்டு.

“செருப்பு பெரிய விஷயம் இல்லை அங்கிள். அதைத் தபாலிலயும் போடலாம். எனக்கு வேற ஒண்டு தெரிய வேணும்.”

“சொல்லும்.”

“அம்மா நடக்கிறாவோ இல்லையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

வீடியோ அழைப்பில் அம்மா எப்போதும் ஒரே கதிரையில்தான் இருப்பாராம். நெஞ்சுக்கு மேலேதான் தெரியுமாம். போனைப் பிடித்திருப்பது அக்கா. ஒருக்கால் எழும்பி நடந்து காட்டச் சொன்னால் அம்மா சிரிப்பாராம், அக்கா கதையை மாற்றுவாராம். அம்மாவிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. இவர் அங்கே போக முடியாது, ஆனால் அவர் இங்கே வரலாம். மூன்று வருடமாகக் கேட்கிறார். அக்கா ‘பிறகு பாப்பம்’ என்று தள்ளிக்கொண்டே வருகிறார்.

“அம்மாவுக்கு ஏலாதோ, அக்காவுக்கு அனுப்ப விருப்பமில்லையோ, அதுதான் எனக்கு விளங்கேல்லை. ஏலாது எண்டால் இனி நான் வாய் திறக்க மாட்டன். ஏலும் எண்டால் விடமாட்டன். அக்கா வேலையை விட்டிட்டுக் கூட வர மாட்டா. பிளேன் வாசல் வரைக்கும் சக்கர நாற்காலியில கொண்டு போய் விடுவினம். உள்ளுக்கு, பாத்ரூமுக்குத்தான் தானா எழும்பிப் போக வேணும். சீற்றில இருந்து அதுக்கு எத்தனை அடி எடுத்து வைக்க வேணும் அங்கிள்? போகேக்க எண்ணிப் பாருங்கோவன்.”

“அது என்ர வேலை,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பன்னிரண்டு. முதல் விமானத்திலும் பன்னிரண்டு, மாறி ஏறியதிலும் பன்னிரண்டு. உறுதிப்படுத்த நான்கு தரம் எழுந்தேன். ஐந்தாம் தரம் எழுந்தபோது மனைவி என் பெல்ற்றைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சுற்றுலா பதினேழு நாள். பஸ்ஸில் நாற்பத்தெட்டு இருக்கை, ஆட்கள் நாற்பத்தொரு பேர். ரோமில் தொடங்கிப் பாரிஸில் முடிகிற பாதை. வத்திக்கானையும் சேர்த்தால் ஒன்பது நாடு. அதை ஒரு கோயில் வளவு என்று சொல்லி என் மனைவி சேர்க்கமாட்டாள். நான் பாஸ்போர்ட்டுகள் இரண்டையும் ஒரு துணிப்பையில் இட்டு, சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். எல்லை வரும்போதெல்லாம் வெளியே எடுத்துத் தயாராக வைத்திருப்பேன். ஏழு எல்லை. ஓரிடத்திலும் பஸ் நிற்கவில்லை. ஒரு பலகை கடந்து போகும், நாடு மாறியிருக்கும். பாஸ்போர்ட்டைத் திரும்பப் பைக்குள் வைப்பேன்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேராக ஓர் அமெரிக்கர் இருந்தார். எழுபத்திரண்டு வயது. ஒஹையோவில் பிறந்தவர். முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க மெல்பேர்ணுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார். மனைவி இறந்துவிட்டார். தனியாகத்தான் வந்திருந்தார். எந்த ஊரில் இறங்கினாலும் கடைக்காரர் எங்கள் இருவரிடமும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். நான் ஆஸ்திரேலியா என்பேன். அது சரி, உண்மையில் எங்கிருந்து என்று கேட்பார். அமெரிக்கரும் ஆஸ்திரேலியா என்பார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். முதல் தடவையில் எங்கள் பதிலை நம்பிய ஒருவரையும் நாங்கள் காணவில்லை. ஆஸ்திரியாவில் ஒரு கேக் கடையில் அவர் சொன்னார், “மெல்பேர்ணிலும் இன்னும் என்னைக் கேட்கிறார்கள், விடுமுறைக்கு வந்தீர்களா என்று. வந்து முப்பத்தொன்பது வருடம், நல்ல நீண்ட விடுமுறை என்று சொல்லுவேன்.”

அவர் வீடு ஸ்பிரிங்வேலுக்குப் பக்கம். அங்கே எங்கள் ஆட்களின் கடையொன்றில் சனிக்கிழமைகளில் மட்டன் ரோல்ஸ் வாங்குவாராம். அதனால் என் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போனது. நாங்கள் பார்த்த தேவாலயங்கள் பதினான்கு. அவர் மூன்றுக்குள்தான் வந்தார். மற்ற நேரம் வெளியே படியில் இருந்து பஸ் ஓட்டுநரோடு கதைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது பொறுக்காது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பார்க்க வேண்டியவற்றைப் பார்க்காமல் போகிறாரே என்று.

பதினாறாம் நாள் பாரிஸ். மதியம் ஒன்றரைக்கு எங்களை நகர நடுவில் இறக்கிவிட்டார்கள். ஆறு மணிக்கு ஆற்றுப் படகுத்துறையில் கூட வேண்டும். நான்கரை மணித்தியாலம். அந்த அம்மாவின் வீட்டுக்கு ரயில் இருபத்து மூன்று நிமிடம், இறங்கி நடக்க ஒன்பது நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். போக வர அறுபத்து நான்கு நிமிடம். ஒன்றரை மணித்தியாலம் இருந்து கதைத்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். இதையெல்லாம் சிட்னியிலேயே பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டரைக்கு வருகிறோம் என்று அக்காவுக்கும் சொல்லியிருந்தேன்.

ஈஃபில் கோபுரத்தைத் தூரத்தில் கண்டதும் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. வரிசை நீளும் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். ரயிலில் பிக்பொக்கற்காரர் இருப்பார்கள், கவனம் என்றும் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். நான் கழுத்துப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

“முதல்ல அங்க போவம்,” என்றாள் மனைவி. “கோபுரம் எங்கயும் ஓடாது.”

“ரயில் இடையில நிண்டுட்டால்? ஆறு மணிக்குப் படகு.”

“நீங்கள்தானே சொன்னனீங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒண்டு எண்டு.”

“உம்மட முழங்கால் நோகுமே.”

“என்ர முழங்காலை இதுக்குள்ள இழுக்காதேங்கோ.”

அமெரிக்கர் பக்கத்தில் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னேன். நான் சொன்ன விதத்திலேயே என் விருப்பம் தெரிந்திருக்க வேண்டும். “அந்தக் கோபுரத்தை நான் இருபத்து மூன்று வயதில் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அது வளர்ந்திருக்காது,” என்றார். “செருப்பைத் தாருங்கள். நான் கொடுத்துவிட்டு வருகிறேன்.”

கொடுத்தேன். துண்டையும் கொடுத்தேன். இதைவிடத் தெளிவாக யாரும் வழி எழுத முடியாது என்று மெச்சிவிட்டு, ரயில் நிலையப் பக்கம் நடந்தார். நான் அக்காவுக்குப் போன் செய்து, அன்ரிக்கு முழங்கால் நோ, எங்களோடு வந்த ஒருவரை அனுப்புகிறேன் என்றேன்.

“ஐயோ அங்கிள், பரவாயில்லை. முதல்ல அன்ரியின்ர காலைப் பாருங்கோ,” என்றார் அவர்.

அந்த முழங்காலோடுதான் என் மனைவியை ஒரு மணி ஐம்பது நிமிடம் வரிசையில் நிற்க வைத்தேன். எங்களுக்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவள் என்னோடு கதைக்கவில்லை. மேலே போனதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வடக்கு எந்தப் பக்கம்?”

காட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தபடி நின்றாள். நான் மற்ற மூன்று பக்கத்தையும் பார்த்து முடித்து வந்தபோதும் அப்படியே நின்றாள்.

பிக்பொக்கற்காரருக்குப் பயந்து நான் போகாமல் விடவில்லை. ரயில் நின்றுவிடும் என்றும் நான் நம்பவில்லை. ரயில்கள் எப்போது நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ர பிள்ளை எப்ப வருவான் என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஓர் எண் இல்லை. நான் ஆஸ்திரேலியாவுக்குப் பட்டத்தோடும் விசாவோடும் விமானத்தில் வந்து இறங்கியவன். கழுத்தில் பாஸ்போர்ட் தொங்கத் தொங்க அந்த வீட்டுக் கதிரையில் போய் இருக்க எனக்கு மனம் வரவில்லை. இதை இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு முழங்கால் என்றேன்.

இன்னொன்றும் செய்தேன். செருப்பையும் துண்டையும் கொடுத்தேனே தவிர, அந்தத் தம்பி என்னிடம் தந்த கேள்வியை அமெரிக்கரிடம் கொடுக்கவில்லை. அவர் திரும்பி நடந்தபோது அது நினைவுக்கு வந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். பத்துப் பதினைந்து மீற்றர்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் படகுத்துறைக்கு வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஏழு ரோல்ஸ் சாப்பிட்டாராம். வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒன்று வந்து தட்டில் விழுந்ததாம். “இந்தப் பயணத்தில் வரிசையில் நிற்காமல் உள்ளே போன ஒரே இடம் அதுதான்,” என்றார். அந்த அம்மா செருப்பை முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தாராம், மகள் தரையில் இருந்து அதைக் காலில் மாட்டிவிட்டாராம். படம்கூட எடுத்தேன், பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லி, தன் போன் இலக்கத்தை என் துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

நான் கேட்டிருக்கலாம். அம்மா நடந்தாரா? ஆங்கிலத்தில் நான்கு சொல். நடக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அதைச் சிட்னிக்குச் சுமக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. படகு புறப்பட்டது. பாலங்களை எண்ணினேன். எத்தனை என்று இப்போது நினைவில்லை. எனக்கு அப்படி நடப்பதில்லை.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை தம்பி வழக்கம்போல ஐந்து நாற்பதுக்கு வந்தார். வானுக்குள் ஏறியதும் நான் கதையளக்கத் தொடங்கினேன். “தம்பி, ஏழு எல்லை தாண்டினம். ஒருத்தரும் ஒரு பாஸ்போட் கேக்கேல்லை. நான் வீணா ஒவ்வொரு முறையும் எடுத்து எடுத்து வைச்சனான்.” சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அவர் தெருவில் இருந்து பார்வையை எடுக்கவில்லை.

“ஓம் அங்கிள். அங்க அப்பிடித்தானாம்,” என்றார்.

இரண்டு சிக்னல் போனது.

“பிளேனில எண்ணினனீங்களோ?”

“பன்னிரண்டு. ரெண்டு பிளேனிலயும்.”

“அந்த வெள்ளைக்காரர் போனவர் எண்டு அக்கா சொன்னவ. செருப்பு அளவாம். அம்மாவுக்குச் சரியான சந்தோசம். அவர் ஏதும் சொன்னவரோ, அம்மா நடந்தவ எண்டு?”

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“ஓம். நடந்தவவாம்.”

“எத்தனை அடி?”

எல்லாவற்றையும் எண்ணுகிறவனிடம் வேறு எதைக் கேட்பார்? வாயில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது.

“பன்னிரண்டு.”

அவர் இடப்பக்கம் ஒதுக்கி வானை நிறுத்தினார். பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சிரித்தபடி, “அப்ப பிளேனுக்குப் போதும் அங்கிள். சரியாக் காணும்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குசினிக்குள் நின்றபடியே கேட்டாள்.

“அந்த மனிசன் உங்களுக்குப் பன்னிரண்டு எண்டு எப்ப சொன்னவர்? நானும் படகிலதானே இருந்தனான்.”

நான் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வெள்ளி தம்பியின் முகம் கறுத்திருந்தது. அக்காவோடு சண்டை. அம்மாவை அனுப்பு என்றிருக்கிறார். ஏலாது என்று அக்கா சொல்ல, வெள்ளைக்காரன் ஏன் பொய் சொல்லுவான், பன்னிரண்டு அடி நடந்தவவாம், நீதான் மறைக்கிறாய், அம்மாவுக்கு அரசாங்கம் தாற உதவிப் பணத்துக்காக வைச்சிருக்கிறாய் என்று சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டார். அக்கா போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை.

பதின்மூன்று வருடமாக அந்த மனிதருக்கு இருந்தது அந்தப் போன் ஒன்றுதான். நெஞ்சுக்கு மேலே தெரிகிற ஓர் அம்மா. அதையும் நான் நிறுத்திவிட்டேன்.

அதற்கடுத்த வெள்ளியும் அக்கா எடுக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. அவர் சிக்னல் எண்ணிக்கை கேட்கவில்லை. நான் முருகனுக்கு முன் நின்று ஏதேதோ முணுமுணுத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு வெள்ளியும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஏறுவேன், நாளைக்கு அக்கா எடுத்துவிட்டால் தேவையில்லையே என்று இறங்குவேன்.

“இது மூண்டாவது வெள்ளி,” என்றாள் மனைவி, செருப்பைக் கழற்றும்போது. “நீங்கள் எண்ணேல்லைப் போல. நான் எண்ணிறன்.”

அடுத்த நாள் அந்தத் துண்டைத் தேடி எடுத்து அமெரிக்கருக்குப் போன் செய்தேன். படம் என்று நினைத்து வீடியோ எடுத்துவிட்டேன், எப்படி அனுப்புவது என்று தெரியாமல் அப்படியே கிடக்கிறது என்றார். மனைவியின் தங்கைக்கு அறுபதாவது பிறந்தநாள் என்று அடுத்த வாரம் மெல்பேர்ணுக்குப் போக இருந்தோம். நேரில் வருகிறோம் என்றேன்.

ஸ்பிரிங்வேலில், அவர் ரோல்ஸ் வாங்கும் அதே கடையில் சந்தித்தோம். வீடியோ முப்பத்தெட்டு விநாடி. தொடக்கத்தில் நிலம் தெரிகிறது, பிறகு அவருடைய பெருவிரல். பிறகு ஒரு சிறிய அறை. அந்த அம்மா கட்டில் ஓரத்தில் இருக்கிறார், காலில் புதுச் செருப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் படம் நன்றாக வரும் என்று நினைத்திருக்க வேண்டும், அக்கா குனிந்து ஒரு கையை முழங்காலுக்குக் கீழும் மற்றக் கையை முதுகிலும் கொடுத்து அம்மாவைத் தூக்குகிறார். அம்மா மகளின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். பழகிய கைகள். கால்கள் இரண்டும் கீழே தொங்குகின்றன. செருப்பு கழன்றுவிடுமோ என்று எனக்கு இருந்தது. கழலவில்லை. ஜன்னலருகே கதிரையில் இருத்தி, உடுப்பை இழுத்துவிட்டு, தலைமயிரை ஒதுக்கிவிட்டு, அக்கா கமராவைப் பார்த்து, “எடுத்திட்டீங்களோ?” என்று தமிழில் கேட்கிறார். அம்மா சிரிக்கிறார். முடிந்தது.

அக்கா எடுத்து வைத்த காலடி ஐந்து. அம்மாவுடையது ஒன்றும் இல்லை.

“பலசாலிப் பெண்,” என்றார் அமெரிக்கர். “நான் உதவிக்குப் போனேன், விடவில்லை. ஏன், என்ன விஷயம்?”

என் மனைவி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டார். “நீங்கள் கேட்டிருந்தால் படகிலேயே சொல்லியிருப்பேனே,” என்றார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அவர் வாயில் ஒரு பொய்யை வைத்தது நான், ஆனால் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது அவர் முகம். வீடியோவை மனைவி தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள்.

சிட்னிக்குத் திரும்பிய பிறகு வந்த வெள்ளி, கோயில் கார் நிறுத்துமிடத்தில் தம்பி வானை நிறுத்தியதும், இறங்க வேண்டாம் என்றேன்.

“தம்பி, அந்த மனிசன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. பன்னிரண்டு எண்டது பிளேனில நான் எண்ணினது. அம்மா நடக்கேல்லை.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பின்னாலிருந்து போனை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். மூன்றாவது தரமும் பார்த்தார். அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

“அக்கா நல்லா மெலிஞ்சிட்டா,” என்றார்.

அக்காவின் முகம் தெரியும் இடத்தில் வீடியோவை நிறுத்தினார்.

“அவதான் எப்பவும் போனைப் பிடிக்கிறவ. தன்னைக் காட்டுறேல்லை.”

“நான் செய்தது பெரிய பிழை தம்பி.”

“நீங்கள் போகேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அது பரவாயில்லை. உங்கட நேரம், உங்கட பயணம்.” போனை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். “தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே அங்கிள்.”

இறங்கி, மதில் ஓரமாகப் போய், தன் போனை எடுத்தார். பாரிஸில் அப்போது காலை எட்டரை. நாங்கள் உள்ளே போனோம். பூசை முடிந்து வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. அதே இடத்தில் நின்றார், போனைக் காதில் வைத்தபடி. அவர் கதைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வானுக்குப் பக்கத்தில் காத்து நின்றோம். வந்து ஏறியபோது கண் சிவந்திருந்தது. அக்கா எடுத்தாரா என்று மனைவி கேட்க, “ஓம் அன்ரி,” என்றார்.

அம்மா வரமாட்டார். அதை அவர் இனிக் கேட்கப் போவதில்லை என்று பிறகொரு நாள் மனைவியிடம் சொன்னார். போனில் இப்போது அக்கா அம்மாவின் கால்களையும் காட்டுகிறாராம். செருப்பைப் படுக்கும்போதும் கழற்ற அம்மா விடுவதில்லையாம். இதையெல்லாம் மனைவியிடம்தான் சொல்கிறார். என்னோடும் மரியாதையாகத்தான் பேசுகிறார். கதவைத் திறந்துவிடுகிறார், என் குடையை வாங்கி வைக்கிறார். அவர் ஒரு நாளும் வராமல் விட்டதில்லை, பிந்தியதும் இல்லை. நான் முதல் இரண்டு வாரமும் ஐந்து முப்பதிலிருந்து ஜன்னலடியில் நின்றேன், வராமல் விட்டுவிடுவாரோ என்று. வராமல் விட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும் என்றும் நினைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை மட்டும் கேட்பதில்லை. முன்பெல்லாம் எங்காவது வேலைக்குப் போவதென்றால், அங்கிள், இந்த நேரத்தில எத்தனை நிமிஷம் எடுக்கும் என்று என்னைத்தான் கேட்பார். இப்போது போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

போன வெள்ளிக்கிழமை போகும் வழியில், வழக்கமாக நேரே போகும் ஒரு சந்தியில் வான் நின்றது. புதிதாக சிக்னல் போட்டிருந்தார்கள். கம்பத்தில் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் இன்னும் முழுதாகக் கழற்றப்படவில்லை. சிவப்பு நீண்ட நேரம் எரிந்தது. இருபத்திரண்டு என்று என் வாய்வரை வந்தது. அவர் பச்சைக்காகக் காத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். பின்னால் மனைவி துவாயைச் சரிசெய்தாள். பச்சை விழுந்தது, போனோம்.